வாய்க்குள் வரும் ஆட்டோ இம்யூன் நோய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயில் புண் வந்தால் சத்துக் குறைவு, தூக்கம் போதவில்லை என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, மருந்துக்கடையில் ஒரு ஜெல்லும் ஒரு வைட்டமின் மாத்திரையும் வாங்கிவிடுகிறோம். பெரும்பாலான புண்களுக்கு அது போதும், அவை எப்படியும் தானாகவே ஆறிவிடும். ஆனால் ஆறாமலே இருக்கிற, ஆறிய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி கிளம்புகிற, சவ்வு தோலாக உரிந்து வருகிற சில புண்கள் உண்டு. அவற்றுக்குக் காரணம் நம்முடைய எதிர்ப்பு மண்டலமே நம் வாயின் உள்சவ்வைத் தாக்குவதுதான், இதையே ஆட்டோ இம்யூன் என்கிறோம். இந்த நோயாளிகளில் நிறையப் பேர் மாதக்கணக்கில் ஜெல் பூசிக் களைத்துப்போன பிறகே சரியான இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். வாய்நோய்களைப் பார்க்கும் பல் மருத்துவர் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். அந்த மாதங்கள் கொஞ்சமாவது குறையட்டும்.

எனக்கு வந்திருப்பது சாதாரண வாய்ப்புண்ணா, வேறு ஏதாவதா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். சாதாரண வாய்ப்புண் வட்டமாக, நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, சுற்றிலும் சிவப்பாக இருக்கும். பெரும்பாலும் 1 செ.மீ.க்குள் அடங்கிவிடும், உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடிப்பக்கம் போன்ற மெத்தென்ற இடங்களில் வரும், ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தழும்பு இல்லாமல் ஆறும். நடுநடுவே புண்ணே இல்லாத நல்ல நாட்களும் இருக்கும்.

மூன்று வாரம் தாண்டியும் ஆறாத எந்தப் புண்ணையும் ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். இதில் விதிவிலக்கே கிடையாது, ஏனென்றால் இந்தப் பட்டியலில் வாய்ப்புற்றுநோயும் இருக்கிறது. அதோடு இன்னும் சில அடையாளங்களைச் சொல்கிறேன். ஒரே இடத்தில் இல்லாமல் வாயின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் சிவந்து எரிவது, புண்ணுக்கு ஒழுங்கான வட்ட வடிவம் இல்லாமல் கிழிந்த துணி மாதிரி ஓரம் இருப்பது, இரண்டு கன்னத்தின் உட்புறமும் வலை பின்னியது போல வெள்ளைக் கோடுகள், சின்னக் கொப்புளம் வந்து சில மணி நேரத்தில் உடைந்து தோல் தொங்குவது, பல் துலக்கும்போது ஈறின் மேல்தோல் உரிந்து பிரஷோடு வருவது. வாய்க்கு வெளியே கண் உறுத்தல், பிறப்புறுப்பில் புண், தோலில் கொப்புளம், மூக்கில் பொருக்கு, விழுங்கும்போது வலி, குரல் கம்மல் என எது இருந்தாலும் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய்க்குச் சம்பந்தமில்லை என்று நினைத்து மறைத்துவிடும் அந்த ஒரு விஷயம்தான் பல சமயம் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

எதிர்ப்புச் சக்தி நம்மையே தாக்குகிறது என்றால் உள்ளே சரியாக என்ன நடக்கிறது?

நோய்க்கு நோய் வேறுபடும். வாயின் உள்சவ்வு பல அடுக்குச் செல்களால் ஆனது. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க டெஸ்மோகிளீன் என்ற புரதம் வேண்டும், அது சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பொத்தான் மாதிரி. பெம்ஃபிகஸ் வல்காரிஸ் நோயில் கிருமிகளை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகள் டெஸ்மோகிளீன் 3 என்பதைக் குறிவைக்கின்றன, செல்கள் பிடி விட்டுப் பிரிகின்றன, சவ்வுக்குள்ளேயே கொப்புளம் உண்டாகிறது. மியூகஸ் மெம்பிரேன் பெம்ஃபிகாய்டில் தாக்குதல் இன்னும் கீழே நடக்கிறது. மேல்சவ்வை அதன் அடித்தளத்தோடு பிணைக்கும் பிபி180, லாமினின் 332 போன்ற புரதங்கள் பாதிக்கப்படுவதால் சவ்வு மொத்தமாக அடியோடு பெயர்ந்து வருகிறது. லைக்கன் பிளேனஸில் முக்கியப் பங்கு ஆன்டிபாடிக்கு இல்லை. டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் சவ்வின் அடிவரிசைச் செல்களுக்குக் கீழே கூட்டமாகக் குவிந்து அவற்றைக் கொல்கின்றன.

எதனால் இது தொடங்குகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. மரபணு ஒரு பக்கம், சில மருந்துகள் ஒரு பக்கம், சில தொற்றுகள் ஒரு பக்கம் என்று சேர்ந்து வருகிறது. நீங்கள் ஏதோ தப்பாகச் சாப்பிட்டதாலோ வாயைச் சுத்தமாக வைக்காததாலோ வந்தது அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம், குற்றவுணர்வோடு வந்து உட்காருகிறவர்கள் அவ்வளவு பேர்.

லைக்கன் பிளேனஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டுமா?

இந்தக் கூட்டத்திலேயே அதிகம் காணப்படுவது இதுதான். பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு, நடுவயதுப் பெண்களிடம் கூடுதல். தோலில் வரும் லைக்கன் பிளேனஸை 1869-ல் எராஸ்மஸ் வில்சன் விவரித்தார், அதன் மேல் தெரியும் வெள்ளைக் கோடுகளை 1895-ல் லூயி விக்கம் எழுதிவைத்தார். அதனால்தான் உங்கள் அறிக்கையில் விக்கம் கோடுகள் என்று இருக்கும்.

பலருக்கு அந்த வெள்ளை வலைக்கோடுகள் மட்டும்தான் இருக்கும், வலி இருக்காது, பல் மருத்துவர் வேறு எதற்கோ வாயைத் திறக்கச் சொல்லும்போதுதான் தெரியவரும். அப்படியிருந்தால் மருந்தே வேண்டாம், கண்காணிப்பு போதும். சவ்வு மெலிந்து சிவக்கும் வகையும் அரித்துப் புண்ணாகும் வகையும்தான் வாழ்க்கையைக் கெடுக்கின்றன. காரம், புளிப்பு, சூடான பானம் எது பட்டாலும் தீப்பட்டது போல எரியும். தோலில் வரும் லைக்கன் பிளேனஸ் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் அடங்கிவிடும், வாயில் வருவது அப்படியில்லை, பல வருடங்கள் கூடியும் குறைந்தும் இருக்கும். பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் இதே நோய் வரலாம். கேட்கக் கூச்சமாக இருப்பதால் மருத்துவர்களும் கேட்பதில்லை, நோயாளிகளும் சொல்வதில்லை, அங்கே தழும்பு விழுந்து சுருங்கிய பிறகு சரிசெய்வது கஷ்டம். எரிச்சலோ வலியோ இருந்தால் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

உலகின் சில பகுதிகளில் ஹெப்பாடைடிஸ் சி கிருமியோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. அதனால் உங்கள் மருத்துவர் அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டால் சந்தேகப்பட்டுக் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அது புற்றுநோயாக மாறுமா? இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கமே வரவில்லை.

நேரடியாகவே சொல்கிறேன். மாறும் வாய்ப்பு இருக்கிறது, அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வாய் லைக்கன் பிளேனஸைப் புற்றாக மாறக்கூடிய நோய்களின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வாய்ப்பு சின்னது, பல வருடக் கண்காணிப்பில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டித்தான் ஆய்வுகள் சொல்கின்றன. சிவந்த, அரித்த வகையிலும் நாக்கில் இருப்பதிலும் புகைப்பவர்கள், மது குடிப்பவர்களிடமும் கொஞ்சம் கூடும்.

ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு. புகையிலையை எந்த வடிவத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள், பாக்கும் வேண்டாம், மதுவும் வேண்டாம். அப்புறம், வலி இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது, புண் வகை என்றால் இன்னும் அடிக்கடி, வாயைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு இடம் மட்டும் தடித்து, கல் போல் கெட்டியாகி, மருந்துக்கு மற்ற இடமெல்லாம் ஆறியும் அது மட்டும் ஆறாமல் நின்றால் அடுத்த தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். அங்கே மறுபடியும் பயாப்ஸி, அதாவது சவ்வில் ஒரு சின்னத் துண்டை எடுத்துச் சோதிப்பது, செய்ய வேண்டியிருக்கும்.

பெம்ஃபிகஸ் என்றால் ஏன் எல்லோரும் இவ்வளவு தீவிரமாகப் பேசுகிறார்கள்? வாயில் புண்தானே?

ஏனென்றால் இது வாயோடு நிற்பதில்லை. பெம்ஃபிகஸ் வல்காரிஸ் வந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேல் வாயில்தான் தொடங்குகிறது, தோலில் கொப்புளம் வருவதற்கு வாரங்களோ மாதங்களோ முன்பே. வாயில் கொப்புளத்தை முழுசாகப் பார்ப்பதே அபூர்வம், மெல்லும்போதே உடைந்துவிடும். பிறகு எஞ்சுவது ஆறாத, ஒழுங்கற்ற, கடும் வலியுள்ள சிவந்த பரப்பு. சாப்பிட முடியாமல் எடை குறைந்து வருவார்கள். தோலில் பரவினால் தீக்காயம் பட்டவர் போல உடம்பிலிருந்து நீரும் புரதமும் இழக்கும், தொற்று நுழையும். 1950-களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோனார்கள்.

இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. 1964-ல் பியூட்னரும் ஜோர்டனும் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஆன்டிபாடிகள் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு நோயைப் பற்றிய புரிதலே மாறியது. ஆன்டிபாடி தயாரிக்கும் வரிசையில் வரும் பி செல்களை ஒழிக்கும் ரிட்டுக்ஸிமாப் ஊசி இப்போது முதல் வரிசை மருந்து. பிரான்சில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இந்த ஊசியோடு குறுகிய காலம் ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருட முடிவில் எந்த மருந்தும் இல்லாமல் புண்ணின்றி இருந்தார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களில் அது 34 சதவீதம். அடுத்த வருடமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெம்ஃபிகஸுக்கு இதை அங்கீகரித்தது. இவ்வளவு நல்ல மருந்து இருக்கும்போது, வாயில் மட்டும் இருந்த கட்டத்திலேயே பிடிக்க வேண்டிய நோயை ஜெல் பூசிப் பூசி உடம்பு முழுக்கப் பரவ விடுவதுதான் என்னைப் பொறுக்க முடியாமல் செய்கிறது.

கிளீனிங் செய்தும் ஈறு சிவந்தே இருக்கிறது, தொட்டால் உரிகிறது. பல் சரியாகத் துலக்காததாலா?

எல்லாப் பற்களின் ஈறும் பளபளவென்று சிவந்து, தோல் உரிந்து, காற்று பட்டாலே கூசுகிறது என்றால் அது அழுக்கால் வரும் ஈறு வீக்கமாக இருக்க வாய்ப்புக் குறைவு. அழுக்கால் வருவது பல்லோடு ஈறு சேரும் ஓரத்தில் தொடங்கும். இது ஓரத்தைத் தாண்டி ஈறின் முழு அகலத்துக்கும் பரவியிருக்கும். பின்னணியில் பெரும்பாலும் லைக்கன் பிளேனஸ், பெம்ஃபிகாய்டு, பெம்ஃபிகஸ் மூன்றில் ஒன்று இருக்கும். வெறும் கண்ணால் மூன்றையும் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே சிரமம், பயாப்ஸி தேவை.

இன்னொரு காரணத்தையும் முதலில் விலக்கிவிடலாம். இலவங்கப்பட்டை மணம் சேர்த்த பேஸ்ட், சூயிங்கம், மவுத்வாஷ் சிலருக்கு ஒவ்வாமையாகி இதே மாதிரி காட்டும். அதை நிறுத்திவிட்டுச் சில வாரம் பாருங்கள்.

பெம்ஃபிகாய்டு என்று சொல்லிக் கண் மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். என் கண்ணில் ஒன்றுமே இல்லையே?

தயவுசெய்து போங்கள். மியூகஸ் மெம்பிரேன் பெம்ஃபிகாய்டு பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், பெண்களுக்குக் கூடுதலாக. வாயில் ஆறும்போது தழும்பு அதிகம் விடாது, ஆனால் கண்ணில் விடும். தொடக்கத்தில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சிவப்பு, வறட்சி என்றுதான் இருக்கும், பலர் வயதால் என்று விட்டுவிடுவார்கள். பிறகு இமையின் உட்புறமும் விழியின் வெள்ளைப் பகுதியும் தழும்பால் ஒட்டிக்கொள்ளும், இமை உள்பக்கமாகத் திரும்பி முடி கருவிழியை உரசும், கடைசியில் பார்வை போகும். விழுந்த தழும்பை மாற்ற முடியாது. உறுத்தல் வருவதற்கு முன்பே கண் மருத்துவர் கண்டுபிடிக்கக்கூடிய மாற்றங்கள் உண்டு, அதற்காகத்தான் அனுப்புகிறார்கள். தொண்டையும் குரல்வளையும் சுருங்கலாம், ஆகவே குரல் மாறினாலோ மூச்சு விடும்போது சத்தம் கேட்டாலோ தாமதம் கூடாது. லாமினின் 332-க்கு எதிரான ஆன்டிபாடி உள்ளவர்களில் சிலருக்கு உள்ளே வேறெங்காவது புற்று இருந்திருக்கிறது என்பதால் அதையும் தேடிப் பார்ப்பார்கள்.

பெசெட், லூபஸ், ஷோகிரென் என்று வேறு பெயர்களும் கேள்விப்படுகிறேன். அவையும் இதில் சேருமா?

சேரும், ஆனால் இவற்றில் வாய் ஒரு பகுதி மட்டுமே. பெசெட் நோயை 1937-ல் துருக்கியைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட் விவரித்தார். பார்ப்பதற்குச் சாதாரண வாய்ப்புண் போலவே இருக்கும், ஆனால் ஓயாமல் வரும், கூடவே பிறப்புறுப்பில் புண், கண்ணுக்குள் அழற்சி, சிலருக்கு ரத்தக்குழாய்ப் பாதிப்பு. இது முழுக்க ஆட்டோ இம்யூன் வகையா, தானே தூண்டப்படும் அழற்சி வகையா என்று நிபுணர்களிடையே இன்னும் வாதம் உண்டு. வாய்ப்புண்ணுக்கு கோல்ச்சிசின் நீண்டகாலமாகக் கொடுக்கிறார்கள், 2019-ல் அப்ரெமிலாஸ்ட் என்ற மாத்திரைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸில் புண் மேலண்ணத்தில் வரும், வலியே இல்லாமலும் இருக்கலாம். மூட்டு வலி, வெயில் பட்டால் முகம் சிவப்பது, முடி கொட்டுவது, சிறுநீரில் நுரை இருந்தால் சொல்லுங்கள்.

ஷோகிரென் வேறு மாதிரி. இதில் தாக்கப்படுவது உமிழ்நீர்ச் சுரப்பியும் கண்ணீர்ச் சுரப்பியும். 1933-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரென் இதை விரிவாக எழுதினார். பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். தண்ணீர் இல்லாமல் பிஸ்கட்டை விழுங்க முடியாது, இரவில் எழுந்து தண்ணீர் குடிப்பார்கள், பற்கள் கழுத்தோரத்தில் வேகமாகச் சொத்தையாகும், நாக்கு வெடிக்கும், பூஞ்சை வரும். காதுக்குக் கீழே சுரப்பி வீங்கி வீங்கி நிலைத்துவிட்டால் உடனே காட்ட வேண்டும், இவர்களுக்கு லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்று வரும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம்.

பயாப்ஸி கட்டாயமா? வெட்டினால் பரவிவிடும் என்கிறார்களே.

பரவாது. ஆட்டோ இம்யூன் நோய் வெட்டியதால் பரவுவதில்லை, புற்றாக இருந்தாலும் பயாப்ஸி எடுத்ததால் பரவிவிடும் என்ற பயத்தில் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர் சவ்வை எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், சில நாள் வலி, அவ்வளவுதான்.

இதில் நோயாளிகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கொப்புள நோய் என்று சந்தேகம் இருந்தால் இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்று ஃபார்மலினில் போட்டு சாதாரண மைக்ராஸ்கோப் சோதனைக்குப் போகும். மற்றொன்று இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு, அதாவது சவ்வில் படிந்திருக்கும் ஆன்டிபாடியை ஒளிரவைத்துப் பார்ப்பதற்கு. இந்த இரண்டாவது துண்டை ஃபார்மலினில் போட்டுவிட்டால் சோதனை வீண், அதற்கென்று இருக்கும் மிஷெல் திரவத்தில் அனுப்ப வேண்டும். அதோடு புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் அங்கே சவ்வே இருக்காது, விடை வராது. புண்ணுக்குப் பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். பெம்ஃபிகஸ் என்றால் செல்களைச் சுற்றி வலை போல ஒளிரும், பெம்ஃபிகாய்டு என்றால் அடித்தளத்தில் ஒரே கோடாக ஒளிரும். "குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை, நாட்பட்ட அழற்சி" என்று மட்டும் ஓர் அறிக்கை வந்து நோயும் குறையவில்லை என்றால், எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள், இம்யூனோஃப்ளோரசன்ஸ் செய்தார்களா என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

பெம்ஃபிகஸுக்கு ஓரளவு தெரியும். டெஸ்மோகிளீன் 1, 3 ஆன்டிபாடிகளை எலைசா முறையில் அளக்கலாம், சிகிச்சையில் குறைகிறதா என்று தொடரவும் அது உதவும். பெம்ஃபிகாய்டில் ரத்தத்தில் ஆன்டிபாடி மிகக் குறைவாக இருந்து சோதனை இல்லை என்று சொல்லிவிடலாம். லைக்கன் பிளேனஸை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையே கிடையாது. மற்றபடி இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம், சர்க்கரை எல்லாவற்றையும் பார்ப்பது நல்லது. சத்துக் குறைவு தனியாகவே வாயை எரிய வைக்கும், இருக்கிற நோயை மோசமாகவும் காட்டும்.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. வேறு வழி இல்லையா?

பூசுகிற ஸ்டீராய்டையும் விழுங்குகிற ஸ்டீராய்டையும் ஒன்றாக நினைப்பதால் வரும் பயம் இது. வாயில் மட்டும் இருக்கும் லைக்கன் பிளேனஸுக்கும் லேசான பெம்ஃபிகாய்டுக்கும் பூசுவதே முதல் மருந்து. க்ளோபெடசால், டிரையம்சினோலோன் போன்றவை களிம்பாக, டெக்ஸாமெத்தசோன் கொப்பளிக்கும் திரவமாக. சொன்னபடி பயன்படுத்தினால் உடம்புக்குள் போகும் அளவு குறைவு.

பலருக்கு மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் பூசும் விதம். சாப்பிட்டு, வாயைக் கழுவி, புண்ணுள்ள இடத்தைச் சுத்தமான துணியாலோ பஞ்சாலோ ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, மெல்லியதாகப் பூசுங்கள். தேய்க்க வேண்டாம். அதன் பிறகு அரை மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருங்கள். இரவு படுக்கும் முன் ஒரு முறை நிச்சயம், அப்போது உமிழ்நீர் குறைவு, மருந்து நிற்கும். கொப்பளிக்கும் மருந்தை இரண்டு மூன்று நிமிடம் வாயில் வைத்திருந்து துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள். ஈறு முழுக்கப் பாதித்திருந்தால் பல் அளவெடுத்துச் செய்த மெல்லிய டிரேயில் மருந்தை வைத்துப் போட்டுக்கொள்வது நன்றாக வேலை செய்யும். "தோலுக்கு மட்டும்" என்று டியூபில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவர் வாய்க்கென்று எழுதித் தந்திருந்தால் பயப்படாமல் பூசலாம், ஆனால் வேறொருவருக்கு எழுதியதை எடுத்து நீங்கள் பூசக்கூடாது. ஹெர்பிஸ் புண்ணிலோ பூஞ்சையிலோ ஸ்டீராய்டு பட்டால் நிலைமை கெடும்.

பூசும் ஸ்டீராய்டின் அடிக்கடி வரும் தொல்லை பூஞ்சைதான். அடங்கியிருந்த எரிச்சல் திடீரென்று கூடி, துடைத்தால் வரும் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது நோய் கூடியதாக இல்லாமல் கேண்டிடா என்னும் பூஞ்சையாக இருக்கலாம். சொன்னால் ஒரு வாரம் இரண்டு வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

பூசும் மருந்து போதவில்லை என்றால்?

லைக்கன் பிளேனஸுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு, சில இடங்களில் புண்ணுக்குள்ளேயே ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரைகள். பெம்ஃபிகாய்டுக்கு டாப்சோன் உதவும், ஆனால் அதற்கு முன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைச் சோதித்தே ஆக வேண்டும், அது குறைவாக இருப்பவர்களுக்கு டாப்சோன் ரத்த அணுக்களை உடைத்துவிடும். எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் அசதியோபிரின், மைக்கோஃபினோலேட் கொடுத்தால் ரத்த அணுக்களையும் கல்லீரலையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை. தினமும் எடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, டப்பாவின் மேல் கிழமையை எழுதி ஒட்டிவையுங்கள். ரிட்டுக்ஸிமாபுக்கு முன் ஹெப்பாடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம், மறைந்திருக்கும் கிருமி விழித்துக்கொள்ளும்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்கில் எடுத்திருந்தால் புண் ஆறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவே கூடாது. உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும், திடீரென்று நின்றால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கமாகலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பு, கண் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

ஒட்டாது. ஒரே டம்ளரில் குடிக்கலாம், குழந்தையை முத்தமிடலாம், கணவன் மனைவி நெருக்கத்துக்கு இதனால் தடை இல்லை. குடும்பத்தில் வேறு ஆட்டோ இம்யூன் நோய்கள் இருப்பது உண்டு, ஆனால் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோய் அல்ல.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரை, பொடி ஏதாவது எடுக்கலாமா?

வேண்டாம். இங்கே பிரச்சினை எதிர்ப்புச் சக்தி குறைந்தது அல்ல, தப்பான இடத்தில் வேலை செய்வது. அதைத் தூண்டிவிடுவதாகச் சொல்லி விற்கும் பொருட்கள் உதவியதாக ஆதாரம் இல்லை, சில பொருட்களில் பெயர் போடாமல் ஸ்டீராய்டே கலந்திருப்பதும் நடக்கிறது. பி காம்ப்ளக்ஸ் எடுப்பதில் கெடுதல் இல்லை, சத்துக் குறைவு இருந்தால் பலனும் உண்டு, ஆனால் அது பெம்ஃபிகஸை ஆற்றாது.

என்ன சாப்பிடுவது? பல் துலக்கவே முடியவில்லையே.

புண் தீவிரமாக இருக்கும்போது காரம், புளிப்பு, மொறுமொறுப்பானவை, கொதிக்கும் சூடு நான்கையும் தள்ளிவையுங்கள். ஆறவைத்த, மெத்தென்ற உணவு, போதிய புரதம். ஆறிய பிறகும் வாழ்நாள் முழுக்கப் பத்தியம் இருக்க வேண்டியதில்லை, உங்களுக்கு எது எரிகிறதோ அதை மட்டும் தவிர்த்தால் போதும்.

வலிக்கிறது என்று பல் துலக்குவதை நிறுத்தினால் அழுக்கு சேர்ந்து ஈறு இன்னும் அழலும், நோய் கூடும். மிக மென்மையான பிரஷ், சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத, மணம் குறைந்த பேஸ்ட், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ். சாப்பிடுவதற்குக் கொஞ்சம் முன் மரத்துப்போகும் ஜெல் தடவிக்கொள்ளலாம். கூரான பல் முனையும் உரசும் பல்செட்டும் புண்ணை ஆறவிடாது, அவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

நான் எடுக்கும் வேறு மாத்திரைகள் காரணமாக இருக்குமா?

இருக்கலாம். சில ரத்த அழுத்த மாத்திரைகள், வலி மாத்திரைகள், சில சர்க்கரை மாத்திரைகள், புற்றுக்குக் கொடுக்கும் புதிய இம்யூனோதெரபி மருந்துகள் லைக்கன் பிளேனஸ் போன்ற மாற்றத்தை உண்டாக்கும். கிளிப்டின் வகை சர்க்கரை மாத்திரைக்கும் பெம்ஃபிகாய்டு கொப்புள நோய்களுக்கும் தொடர்பு உண்டு. மாத்திரைப் பட்டியலை முழுதாக எடுத்துவந்து காட்டுங்கள், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பழைய வெள்ளி நிற அடைப்பு உள்ள பல்லுக்கு நேர் எதிரே, அது உரசும் கன்னத்தில் மட்டும் வெள்ளை மாற்றம் இருந்தால் அந்த அடைப்பை மாற்றுவதில் பலன் கிடைக்கலாம். வாய் முழுக்க இருக்கும் நோய்க்காக எல்லா அடைப்பையும் பிடுங்குவது வீண் செலவு.

முழுசாகக் குணமாகுமா?

வேரோடு போய்விடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். அடக்கிவைக்க முடியும், நன்றாகவே. பெம்ஃபிகஸில் வருடக்கணக்கில் மருந்தே இல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், திரும்ப வந்தால் மறுபடி அடக்குகிறோம். லைக்கன் பிளேனஸில் நல்ல காலமும் கெட்ட காலமும் மாறி மாறி வரும், மன அழுத்தத்தில் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள். புண் இல்லாத காலத்தில் சந்திப்பைத் தவிர்ப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

யாரிடம் போவது?

வாய்நோய் மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்த பல் மருத்துவர் அல்லது தோல் மருத்துவர். பெசெட், லூபஸ், ஷோகிரென் என்றால் மூட்டு வாத நோய் நிபுணர். பெம்ஃபிகாய்டுக்குக் கண் மருத்துவரும் கூட. முடிந்தால் புண் மோசமாக இருந்த நாளில் கைபேசியில் எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள், சந்திப்பு நாளன்று எல்லாம் ஆறியிருப்பது அடிக்கடி நடக்கும்.

கர்ப்பமாக இருக்கிறேன், அல்லது குழந்தைக்குத் திட்டமிடுகிறேன். என்ன செய்வது?

முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் மைக்கோஃபினோலேட்டும் கருவைப் பாதிக்கும், திட்டமிடும்போதே மாற்றியாக வேண்டும். மாற்றாகக் கொடுக்க மருந்துகள் இருக்கின்றன, பூசும் ஸ்டீராய்டு பெரும்பாலும் தொடரலாம். பெம்ஃபிகஸ் உள்ள தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் என்பதால் சில குழந்தைகள் கொப்புளத்தோடு பிறக்கும், அந்த ஆன்டிபாடி கரைந்ததும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஷோகிரென், லூபஸ் உள்ள பெண்களுக்கு ரோ ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கர்ப்பக் காலத்திலேயே ஸ்கேனில் கவனிக்க வேண்டும், ஆகவே மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே இந்த அறிக்கைகளைக் காட்டிவிடுங்கள்.